அந்த 6,700 பக்கங்களை வெளியிடுங்கள்: அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் நாட்டின் உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் சிறைவைப்பு, விசாரணை முறைகள் குறித்த உங்கள் அறிக்கையை முழுமையாக வெளியிடக் கேட்டு இதை எழுதுகிறேன். 2003 பிப்ரவரி 5 அன்று உங்கள் நாட்டின் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக் மீதான போருக்கு நியாயம் கூறி ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசத் தொடங்கியபோது எங்களுக்கு இரவு 9 மணி. ஒரு தமிழ் நாளிதழில் இரவுப்பணியில் இருந்த உதவி ஆசிரியன் நான். செய்தி நிறுவனத்திலிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டிருந்த அந்த உரையைத் தமிழாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. பக்கத்தை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேதியியல், உயிரியல் ஆயுதங்களில் அல் காய்தாவினருக்கு ஈராக் பயிற்சி அளித்ததாக, பிடிபட்ட மூத்த பயங்கரவாதி ஒருவர் கூறியிருக்கிறார் என்ற பகுதியை எழுதும்போது, பவல் பயன்படுத்திய ஒரு சொல் என்னை நிறுத்தியது. அந்த ஆள் தன் ‘கதை’யைச் சொல்லியிருக்கிறார் என்றுதான் அவர் பேசியிருந்தார். ஒரு நாட்டின் அமைச்சர் பாதுகாப்பு அவையில் கதை பேசினார் என்று எழுதினால் நன்றாக இராதே என்று எண்ணி, ‘வாக்குமூலம்’ என்று மாற்றினேன். மறுநாள் அது கொட்டை எழுத்தில் தலைப்பாகவே வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்தத் தலைப்பு என்னிடமே திரும்பி வந்ததால்தான் இந்த மடல். சென்ற மாதம் ஒரு கல்லூரியில் ஈராக்கின் சதாம் உசேன் அரசுக்கும் அல் காய்தாவுக்கும் தொடர்பு இருந்ததா என்ற தலைப்பில் நடந்த சொற்போருக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். இருந்தது என்று வாதிட்ட மாணவர் தம் கைபேசியில் ஒரு பழைய நாளிதழ் நறுக்கின் படத்தை உயர்த்திக் காட்டி, “அவர்கள் ஆளே வாக்குமூலம் கொடுத்திருக்கிறான், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?” என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. அவர் காட்டியது என் மொழிபெயர்ப்பு.

அந்த ‘வாக்குமூலம்’ எப்படிப் பிறந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட அறிக்கையிலிருந்துதான் நானே அறிந்துகொண்டேன். பவல் பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட அந்த ஆள், இப்னு ஷேக் அல் லிபி, 2001 இறுதியில் பிடிபட்டு, பின்னர் எகிப்திடம் ஒப்படைக்கப்பட்டார். அங்கே ஏறத்தாழ 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டிக்குள் சுமார் 17 மணி நேரம் தம்மை அடைத்துவைத்ததாகவும், வெளியே எடுத்து உண்மையைச் சொல்ல இன்னொரு வாய்ப்பு தந்ததாகவும், சொன்னது போதவில்லை என்று தரையில் தள்ளி 15 நிமிடம் குத்தியதாகவும் அவர் பின்னர் தெரிவித்திருக்கிறார். ஈராக்கைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை. கதை கட்டுவதற்கே திணறியிருக்கிறார். பிறகு, சொன்னது மறந்துபோகாமல் இருக்க, தமக்குத் தெரிந்த உண்மையான ஆட்களின் பெயர்களையே வைத்து ஒரு கதையைச் சொல்லியிருக்கிறார். உயிரியல் ஆயுதம் என்றால் என்னவென்றே விளங்காததால் அதைப் பற்றிப் புனைய முடியாமல் அடி வாங்கியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று நாளிதழின் ஒரு தாளை விரித்து அளவுகோலால் அளந்து பார்த்தேன். தலைப்பிலிருந்து அடிவரை அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. ஒரு மனிதரை மடக்கி வைத்த பெட்டி, அவர் சொன்னதை நான் அச்சேற்றிய பக்கத்தின் நீளம்கூட இல்லை.

பவல் பேசுவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2002 பிப்ரவரியில், இந்த ஆள் விசாரிப்பவர்களை வேண்டுமென்றே திசைதிருப்பக்கூடும் என்று உங்கள் ராணுவ உளவு முகமையே எழுதிவைத்திருந்தது. சதாமின் ஆட்சி மதச்சார்பற்றது, இஸ்லாமியப் புரட்சி இயக்கங்களைக் கண்டு எச்சரிக்கையாக இருப்பது, தன் கட்டுப்பாட்டில் இல்லாத குழுவுக்கு உதவ வாய்ப்புக் குறைவு என்றும் அதில் இருந்தது. ஆயினும் அக்டோபரில் அதிபர் புஷ் சின்சினாட்டியில் அதே பயிற்சிக் கதையை அறிந்த உண்மையாக அறிவித்தார். 2004இல் அல் லிபி தாம் சொன்னதிலிருந்து பின்வாங்கினார், சி.ஐ.ஏ. அந்தத் தகவலைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஈராக்கின் தலைநகர் பாக்தாத் உங்கள் படைகளிடம் விழுந்து ஏறத்தாழ ஓராண்டு ஓடியிருந்தது. எங்கள் நாளிதழில் பின்வாங்கல் செய்தி உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

சதாமுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1988இல் ஹலப்ஜாவில் நச்சு வாயுவால் சுமார் 5,000 குர்து மக்களைக் கொன்ற ஆட்சி அது. பாலஸ்தீன ஆயுதக் குழுத் தலைவர் அபு நிடாலுக்குப் பாக்தாதில் இடம் கொடுத்தது. பாலஸ்தீனத் தற்கொலைத் தாக்குதலாளிகளின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. 1990களின் நடுவில் சூடானில் ஈராக்கிய உளவு அதிகாரி ஒருவர் அல் காய்தாத் தலைவர் பின்லேடனைச் சந்தித்ததும் உண்மை. ஆனால் அந்தச் சந்திப்பிலிருந்து கூட்டுச் செயல்பாடு எதுவும் விளையவில்லை என்பதே 2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த 9/11 விசாரணை ஆணையம் 2004இல் கண்ட முடிவு. சதாம் அல் காய்தாவை நம்பவில்லை, அது கேட்ட உதவிகளை மறுத்தார் என்பது உங்கள் குழுவின் சொந்த முடிவு. அந்தத் தாக்குதலில் விமானம் கடத்தியவர்களின் தலைவரான முகமது அத்தா 2001 ஏப்ரலில் செக் குடியரசின் பிராகா நகரில் ஈராக்கிய அதிகாரியைச் சந்தித்தார் என்றார்களே, அதற்குச் சில நாள் முன்பு வர்ஜீனியாவில் ஒரு வங்கியின் கேமராவில் அவர் பதிவாகியிருந்தார். சந்திப்பு நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் அவருடைய கைபேசி ஃபுளோரிடாவில் பயன்படுத்தப்பட்டிருந்தது. இத்தனையும் அச்சில் இருந்தும் எங்கள் ஊர் மேடையில் கைதட்டல் அந்தப் பெட்டிக்குள் பிறந்த கதைக்குத்தான் கிடைக்கிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. சி.ஐ.ஏ.வின் சிறைவைப்பு, விசாரணை முறைகள் குறித்து 2012 டிசம்பரில் நீங்கள் ஒப்புதல் அளித்த, 6,700 பக்கங்களுக்கும் அதிகமான அறிக்கையை முழுமையாக வெளியிடுங்கள். 2014இல் வெளிவந்தது ஏறத்தாழ 500 பக்கச் சுருக்கம் மட்டுமே. ஒரு போருக்குக் காரணம் காட்டப்பட்ட மனிதரின் கதை அதில் ஓர் அடிக்குறிப்புக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. இன்னொரு பெட்டி என்றே எனக்குப் படுகிறது. அவரை வதைத்த நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை பூசப்பட்டிருக்கிறது. உலகமே அறிந்த பெயர் அது. யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

முழு அறிக்கையைப் பாதுகாப்பதில் உங்கள் அரசு காட்டிய அக்கறையையும் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சி.ஐ.ஏ.வின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தன்னிடமிருந்த பிரதியைத் தவறுதலாக அழித்துவிட்டதாக 2016இல் செய்தி வந்தது. பிற துறைகளுக்கு அனுப்பிய பிரதிகளை உங்கள் குழுத் தலைமையே திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டது. நல்ல வேளையாக அதிபர் ஒபாமா ஒரு பிரதியைத் தம் ஆவணங்களோடு சேர்த்து வைத்தார், அதுவும் 12 ஆண்டுகளுக்குத் திறக்கப்படாது என்ற ஏற்பாட்டில். எங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் பட்டா நகல் காணாமல் போனால்கூட யாராவது ஒருவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். வெளியிடும் அதிகாரம் அதிபரிடம்தான் இருக்கிறது என்று பதில் வரக்கூடும். 1976இல் உங்கள் குழுவைத் தோற்றுவித்த 400ஆம் தீர்மானமே, பொதுநலன் கருதி ரகசியத்தை வெளியிடக் குழு வாக்களிப்பதற்கும், அதிபர் மறுத்தால் செனட்டின் முன் கொண்டு செல்வதற்கும் வழி வகுத்திருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்துங்கள். விசாரணையாளர்களின் பெயர்களை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை முழுமையாக வெளியிடுங்கள்.

அல் லிபியிடம் கேட்க இனி வழியில்லை. 2009 மே மாதம் லிபியச் சிறையில் அவர் இறந்தார்; தற்கொலை என்றார்கள். இறந்தவர் என்ன சொன்னார், எப்போது, எந்த நிலையில் சொன்னார், அதை யார் படித்தார்கள், படித்தும் யார் மேலே அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டிய இடம் உங்கள் பெட்டகம்தான்.

சொற்போர் முடிந்ததும் அந்த மாணவரிடம் நறுக்கில் இருப்பது என் எழுத்து என்பதைச் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி, “அப்படியானால் திருத்தம் போட்டீர்களா, ஐயா?” என்று கேட்டார். நான்கு வரி போட்டதாகச் சொல்ல வாய் வரவில்லை. ‘வாக்குமூலம்’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு ‘கதை’ என்று திருத்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதோடு இணைத்து அனுப்ப உங்கள் அறிக்கை தேவைப்படுகிறது. தயவுகூர்ந்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
2003இல் இரவுப்பணியில் இருந்த ஓர் உதவி ஆசிரியன்