பழைய லினக்ஸை அழிக்காமலே புதியதைப் போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கணினிப் பக்கத்தில் லினக்ஸ் இயங்குதளம் பற்றி எப்போது வந்தாலும் அதை விண்டோஸுக்குப் பக்கத்தில் போடுவது எப்படி என்றுதான் வருகிறது. ஏற்கெனவே லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு வேறு கேள்வி இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஐந்தாண்டு ஆதரவு 2025இல் முடிந்துவிட்டது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 13ஆம் பதிப்பு அதே ஆண்டு ஓகஸ்டில் வந்தது, மாறலாம்தான், ஆனால் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையும் பிரின்டரும் புதியதில் ஒழுங்காக வேலை செய்யுமா என்று பார்க்காமல் பழையதை எப்படி அழிப்பது? பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்தால் "முழுக்க ஃபோர்மட் பண்ணித்தான் போடணும்" என்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, இரண்டும் ஒரே டிஸ்க்கில் தாராளமாக இருக்கலாம்.

இடம் ஒதுக்குவது பெரிய வேலை இல்லை. பென் டிரைவிலிருந்து கணினியைத் திறந்து (பூட் செய்து), ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளில் பழைய பாட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பழைய லினக்ஸ் இருக்கும் பகுதியை, சுருக்கி 30 ஜிபி அளவுக்கு எடுத்தால் பரீட்சித்துப் பார்க்கப் போதும் (அதில் கோப்புகளை எழுதும் முறை எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்க முடியாது, ஈஎக்ஸ்டி4 என்றால் பிரச்சினை இல்லை). அதற்கு முன் கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். மேசைக் கணினிக்காரர்கள் யூபிஎஸ் இல்லாமல் இதில் கை வைக்கவே வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல், கணினி திறக்கும்போது எந்த லினக்ஸ் வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில்தான். கடைசியாகப் போட்ட லினக்ஸ் அந்த மெனுவைக் காட்டும் தன் கிரப் மென்பொருளை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும், சில வேளை அதில் பழைய லினக்ஸின் பெயரே இருக்காது. உடனே எல்லாம் போய்விட்டது என்று பதறுகிறார்கள். ஒன்றும் போகவில்லை. 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வசதியைப் பாதுகாப்பு கருதி நிறுத்தியே வைத்திருக்கிறார்கள், கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் திறந்துவிட்டு மெனுவை மறுபடி உருவாக்கினால் பழையது வந்து நிற்கும். அப்புறம், மெனு டெபியனுடையது என்றால், உபுண்டுவில் கேர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) புதுப்பித்தது அதற்குத் தானாகத் தெரியாது, டெபியனுக்குள் போய் மெனுவைப் புதுப்பிக்கும் வரை பழைய கேர்னலையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மெனு எதன் கையில் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். யூஈஎஃப்ஐ முறையில் திறக்கும் கணினிகளில் இரண்டின் பூட் கோப்புகளும் ஒரே ஈஎஃப்ஐ பாட்டிஷனில் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், அந்தப் பாட்டிஷனை மட்டும் ஃபோர்மட் செய்யக் கூடாது. உபுண்டுவும் மின்ட் என்ற லினக்ஸும் என்றால் கவனம், மின்ட்டும் 'உபுண்டு' என்ற பெயரிலேயே ஃபோல்டரை எழுதுகிறது.

இன்னொன்று ஸ்வொப், அதாவது நினைவகம் போதாதபோது லினக்ஸ் பாவிக்கும் டிஸ்க் பகுதி. இரண்டுக்கும் ஒன்றே போதும், ஆனால் புதியதைப் போடும்போது இன்ஸ்டோலர் அதை மறுபடி ஃபோர்மட் செய்தால் அடையாள எண் மாறிவிடும், பழைய லினக்ஸ் ஒன்றரை நிமிடம் அதைத் தேடி நின்றுவிட்டுத்தான் திறக்கும். பழைய லினக்ஸின் எஃப்ஸ்டாப் கோப்பில் (எந்தெந்தப் பாட்டிஷனை இணைக்க வேண்டும் என்ற பட்டியலில்) புது எண்ணை எழுதினால் சரி. ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு (வேலையை அப்படியே டிஸ்க்கில் சேமித்து அணைத்துவிட்டு) மற்றதைத் திறப்பது மட்டும் கூடவே கூடாது.

சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் பாட்டிஷனையும் இரண்டுக்கும் பொதுவாக வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, இரண்டு பதிப்புகளின் அமைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று குழப்பும். படங்கள், ஆவணங்களுக்கு ஒரு தனிப் பாட்டிஷன் போட்டு இரண்டிலும் இணைத்துக்கொள்வதே (மவுண்ட் செய்வதே) மேல்.

இதைப் படங்களோடு ஒரு வாரம் உங்கள் பக்கத்தில் போட்டால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06