சுவரை நோக்கிப் புறப்படும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. வரும் மே மாதம் கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ நகரிலிருந்து வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர் வரை செல்லும் 'ரன் ஃபார் த வால்' மோட்டார் சைக்கிள் பயணத்தில் நீயும் சேரப்போவதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள். பத்து நாளில் அமெரிக்காவைக் குறுக்காகப் பார்த்துவிடலாம் என்று நீ சொன்னாயாம். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. நீ போக வேண்டும் என்பதே என் விருப்பம். படையில் பணியாற்றாதவர்களுக்கும் அந்தப் பயணத்தில் இடமுண்டு. ஆனால் யாருக்காகப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு நீ வண்டியில் ஏற வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே பெரிய வண்டி வாங்கிய நம் பிள்ளைகள் வேறு சிலரும் இந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் விசாரித்திருப்பதால், உனக்குத் தனியாக எழுத வேண்டியதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்தப் பயணம் 1989இல் தொடங்கியது. வியட்நாம் போரில் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் கிரெகரி, பில் எவன்ஸ் என்ற இருவர் மோட்டார் சைக்கிளில் நாட்டின் உட்பகுதி வழியாகப் புறப்பட்டு, வழியிலிருந்த ஊர்களின் வானொலி நிலையங்களிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் இறங்கி, போரில் மாண்டவர்களைப் பற்றியும், உயிரோடு திரும்பாமலும் இறந்தார் என்று உறுதியாகாமலும் போனவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டே தலைநகரை அடைந்தார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் பயணம். ஊர்கள் காட்டிய பரிவைக் கண்ட பிறகு அதை ஒரே ஆண்டோடு நிறுத்திவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்று ஒன்டாரியோவிலிருந்து சென்ட்ரல், மிட்வே, சதர்ன் என்று மூன்று பாதைகளில் அணிகள் கிளம்புகின்றன. வாஷிங்டனை அடைந்த பிறகு நான்காவது அணி ஒன்று, மத்தியக் கிழக்குப் போர்களில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த சுவரைக் காண, இலினாய் மாநிலத்தின் மார்சேல்ஸ் என்ற சிற்றூர் வரை செல்கிறது. 'போக முடியாதவர்களுக்காக நாங்கள் ஓட்டுகிறோம்' என்பது அவர்கள் உடுப்பிலும் வண்டியிலும் எழுதி வைத்திருக்கும் வாசகம்.

இறந்தவர்களுக்கு அஞ்சலி என்பது உனக்கு உடனே புரியும். காணாமற்போனவர்கள் என்பதைத்தான் நீ சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். 1973இல் பாரிஸ் அமைதி உடன்படிக்கைக்குப் பின் 591 அமெரிக்கக் கைதிகள் விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்கள் விமானத்திலிருந்து இறங்கி வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த வேறு பல குடும்பங்களுக்கு, தம் மகனோ கணவனோ அந்த வரிசையில் இல்லை என்பது மட்டுமே தெரிந்தது. அப்போது கணக்கில் வராதவர்கள் 2,646 பேர். அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டு வீடு வந்து சேர்ந்துள்ளன. இன்னும் 1,500க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. கொரியப் போரில் காணாமற்போன 7,000க்கும் மேற்பட்டவர்களையும், இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன 70,000க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்தால் கணக்கு 80,000ஐத் தாண்டுகிறது. அதில் பாதிக்கு மேல் கடலில் மூழ்கியவர்கள் என்பதால், மீட்கவே முடியாதவர்களே மிகுதி.

இறந்தவன் வீட்டில் துக்கத்துக்கு ஒரு தேதி உண்டு. காணாமற்போனவன் வீட்டில் அது கிடையாது. பொட்டை வைப்பதா அழிப்பதா, படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று நம் ஊர்ப் பெண் தவிக்கும் அதே தவிப்பை இந்த நாட்டுப் பெண்களும் தங்கள் வழக்கப்படி தவித்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. கறுப்புத் துணியில் ஒரு வெள்ளை வட்டத்துக்குள் குனிந்த தலையும் காவல் கோபுரமும் முள்வேலியும் கறுப்பில் தீட்டிய அந்தக் கொடியை நீ பார்த்திருப்பாய். பயணத்தில் வண்டிக்கு வண்டி பறக்கும். காணாமற்போன கடற்படை விமானி ஒருவரின் மனைவியான மேரி ஹாஃப் என்ற பெண், தங்களைப் போன்ற குடும்பங்களுக்கென ஒரு கொடி வேண்டும் என்று கேட்டதிலிருந்து பிறந்தது அது. நியூட்டன் ஹைஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குடும்பங்கள் அரசிடம் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன் அது. கேட்பதை நிறுத்தினால் தேடுவதும் நின்றுவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அது சரியான நம்பிக்கை என்றே நானும் நினைக்கிறேன்.

நீங்கள் போய்ச் சேரும் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். மாயா லின் என்ற மாணவி யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, இருபத்தொரு வயதில் வடிவமைத்த அந்த நினைவகம் 1982 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் கருங்கல் நம் பெங்களூருக்கு அருகில் வெட்டி எடுக்கப்பட்டுக் கப்பலேறிப் போனது என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவை அகரவரிசையிலோ பதவி வரிசையிலோ இல்லாமல், வீழ்ந்த நாளின் வரிசையில் நிற்பதால், ஒரே சண்டையில் மாண்ட தோழர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எழுத்துகள் அரை அங்குல உயரம்தான். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பெயரின் அருகிலும் ஒரு சிறு குறி தெரியும். வைரம் போன்ற சாய்சதுரம் இருந்தால் இறப்பு உறுதி. சிலுவைபோல் கூட்டல் குறி இருந்தால், சுவர் எழும்பியபோது அவர் காணாமற்போனவர். எச்சம் கிடைத்து அடையாளம் உறுதியானால், கல்தச்சர் வந்து அந்தக் கூட்டல் குறியின் மேலேயே சாய்சதுரத்தைச் செதுக்குவார். உயிரோடு திரும்பி வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். இன்றுவரை அந்தச் சுவரில் ஒரு வட்டம்கூடப் போடப்படவில்லை.

அந்தக் கூட்டல் குறிகள் சாய்சதுரங்களாக மாறுவது எளிய வேலை அன்று. பாதுகாப்புத் துறையின் கீழ் இதற்கென்றே ஒரு முகமை இயங்குகிறது. அதன் ஆய்வுக்கூடங்கள் ஹவாயிலும் நெப்ராஸ்காவிலும் இருக்கின்றன. விமானம் விழுந்த இடத்தை நேரில் கண்ட கிராமத்து முதியவர் ஒருவர் காட்டினால்தான் பல இடங்களில் தோண்டவே தொடங்க முடியும். வியட்நாம், லாவோஸ் மலைச்சரிவுகளில் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, மண்ணை வாளி வாளியாகக் கைமாற்றி, கால் அங்குலக் கண் கொண்ட வலைச் சல்லடையில் கொட்டிச் சலிக்கிறார்கள். அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் கூலிக்கு வரும் உள்ளூர் மக்கள்தான். அங்குள்ள மண்ணின் அமிலம் எலும்பைத் தின்றுவிடுவதால், பல நேரம் ஒரு பல் மட்டுமே மிஞ்சும். மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும். கண்ணால் கண்ட சாட்சிகள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தேடலுக்கு அவசரம் இருக்கிறது என்கிறேன்.

அவசரம் மட்டுமல்ல, விடாப்பிடியும் வேண்டும் என்பதற்கு மைக்கேல் பிளாசியின் கதை ஒன்று போதும். 1972 மே மாதம் தென் வியட்நாமின் அன் லோக் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி அவர். அவருடைய எலும்புகள்தான், யாருடையவை என்று தெரியாதவை என்ற முடிவோடு, 1984இல் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் 'அறியப்படாத வீரர்' என்ற பெரும் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. குடும்பம் விடாமல் கேட்டது. 1998இல் கல்லறையைத் திறந்து மரபணுச் சோதனை செய்து, அவர் பிளாசியே என்று உறுதிசெய்து, செயின்ட் லூயிஸில் உறவினர்களிடம் கொடுத்தார்கள். ஆர்லிங்டனில் அந்த இடம் இன்றும் காலியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. தேசத்தின் மிக உயர்ந்த மரியாதையைவிடத் தங்கள் பையன் தங்களிடம் வருவதே அந்தக் குடும்பத்துக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு அதில் எந்த வியப்பும் இல்லை.

சென்ட்ரல் பாதையை எடுத்தால் நியூ மெக்சிகோவின் ஏஞ்சல் ஃபயர் மலையில் நிற்பீர்கள். 1968 மே 22இல் வியட்நாமில் இறந்த டேவிட் வெஸ்ட்ஃபால் என்ற இளம் அதிகாரியின் பெற்றோர், மகனின் காப்பீட்டுத் தொகையை வைத்துக்கொண்டு கட்டத் தொடங்கிய வெள்ளை நிறச் சிற்றாலயம் அது, 1971இல் திறக்கப்பட்டது. வாஷிங்டன் சுவருக்கு முன்பே, அரசு எதையும் எழுப்புவதற்கு முன்பே, ஒரு தகப்பனும் தாயும் எழுப்பியது. அங்கே அவசரப்படாதே. படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்.

அதன்பின் கொலராடோவைக் கடந்து எங்கள் கான்சஸுக்குள் வருவீர்கள். நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் மக்கள் கொடியோடு நிற்பார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணியில் பெரிய கொடியைத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் பெட்ரோல் நிலையத்தில் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலையில் நின்றிருக்கிறேன். நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசை கலையாமல் உள்ளே வருவதும், தொண்டர்கள் குழாயை ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குக் கைமாற்றி நிரப்புவதும், அணி மறுபடி சேர்ந்து நிற்பதும் பார்க்கத் தக்க ஒழுங்கு. அப்படி ஒரு முறை, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாடி மனிதர் தண்ணீர் வாங்க நீட்டிய கையில் தேய்ந்துபோன ஒரு உலோகக் காப்பு இருந்தது. பெயரும் பதவியும் ஒரு தேதியும் பொறித்திருந்தன. முதல் எழுத்துகள் கிட்டத்தட்ட மழுங்கிவிட்டன. 1970இல் கலிஃபோர்னியா மாணவர்கள் தொடங்கி, ஏறத்தாழ 50 லட்சம் பேர் வாங்கி அணிந்த காப்புகளில் ஒன்று அது. காப்பில் பெயருள்ளவர் திரும்பும்வரை கழற்றுவதில்லை என்பது அணிபவர் எடுத்துக்கொள்ளும் உறுதி. இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பார்த்ததே இல்லை, பள்ளியில் படிக்கும்போது வாங்கியது என்றார். நீ போகும் பயணம் எப்படிப்பட்டது என்று நான் எவ்வளவு விளக்கினாலும் அந்த மணிக்கட்டு சொன்ன அளவுக்குச் சொல்ல முடியாது.

மேற்கு வர்ஜீனியாவில் ரெய்னெல் என்ற மிகச் சிறிய ஊர் வரும். அங்குள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஓட்டுநர்கள் அந்தப் பள்ளிக்காகப் பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள். போரிலிருந்து திரும்பியபோது தம் சொந்த நாட்டில் வரவேற்பே இல்லாமல், சீருடையைக் கழற்றி ஒளித்துவைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த தலைமுறை, அந்தப் பிள்ளைகள் நீட்டும் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது கண் கலங்குவதை நீ பார்ப்பாய். அந்த நேரத்தில் உன்னிடமும் ஒரு குழந்தை நோட்டை நீட்டும். தயங்காமல் கையெழுத்துப் போடு. ஆனால் நீ யார் பெயருக்காக வந்திருக்கிறாய் என்பதையும் அந்தக் குழந்தைக்குச் சொல்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்று. வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் புல்லட் ஓட்டியவன் நீ என்பது எனக்குத் தெரியும். அணியில் ஓட்டுவது அதனின்று வேறு. முந்துவது கிடையாது; இடைவெளியை மாற்றுவது கிடையாது; அன்றைய ஓட்டம் முடியும்வரை மது தொடக் கூடாது. முன்வரிசையில் ஒரு வண்டிக்கான இடம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கும். திரும்பாதவருக்கான இடம் அது. பாலைவன வெயிலில் கழுத்துக்கு ஈரத்துணி கட்டிக்கொள். இப்போதிருந்தே வார இறுதிகளில் நீண்ட தூரம் ஓட்டி உடம்பைப் பழக்கு.

நம் வீட்டில் சிலர் கேட்பார்கள்: அமெரிக்கா தொடுத்த போரில் இறந்த அமெரிக்கனுக்கு நீ ஏன் போக வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். அந்தப் போரை நான் சரியென்று ஒருநாளும் எண்ணியதில்லை. வியட்நாம் தரப்பிலும் லட்சக்கணக்கானவர்கள் இன்னும் அடையாளம் தெரியாமல் கிடக்கிறார்கள்; அவர்களுக்கும் அம்மாக்கள் இருந்தார்கள். தோண்டும் வேலையில் சென்ற தலைமுறையின் பகைவர்கள் ஒரே சல்லடையின் இருபுறமும் நிற்கிறார்கள். வியட்நாம் தன் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்கு இப்போது அமெரிக்கா உதவுகிறது. போரை நியாயப்படுத்தாமலேயே, போனவனைத் தேடித் தர வேண்டும் என்று கேட்க முடியும். இதை உன்னிடம் கேட்பவர்களுக்கு நீயே பொறுமையாகச் சொல்.

கடைசியாக நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்த முகமை காணாமற்போனவர்களின் பட்டியலை மாநிலம் மாநிலமாக வெளியிட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பட்டியலை எடுத்து, உன் வயதில் போனவர் ஒருவரைத் தேர்ந்தெடு. சுவரிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது ஒரு புகைப்படமாவது திரட்டி வைத்திருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார். எங்கே, எந்த நாளில், எந்த விமானத்தில் அல்லது எந்த ரோந்தில் போனார் என்று படி. ஒரு தாளில் எழுதி மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொள். வழியில் யார் விசாரித்தாலும் அவரைப் பற்றிச் சொல். சுவரை அடைந்ததும் அவருடைய பெயரையும் பக்கத்திலிருக்கும் குறியையும் தேடு. 1995இல் விஸ்கான்சின் மாநிலத்து முன்னாள் வீரர்கள் ஒரு ஹார்லி வண்டியையே அந்தச் சுவரடியில் விட்டுவிட்டு வந்தார்கள். தங்கள் மாநிலத்தில் காணாமற்போன 37 பேரும் கணக்கில் வரும்வரை அதை யாரும் ஓட்டக் கூடாது என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. உன்னிடம் அவ்வளவு கேட்கவில்லை. அந்தத் தாளை அங்கே வைத்துவிட்டு வந்தால் போதும். அங்கு வைக்கப்படுபவற்றைப் பூங்காத் துறையினர் எடுத்துப் பாதுகாக்கிறார்கள்.

பதிவு செய்ததும் எந்தப் பாதை என்று எழுது. சென்ட்ரல் என்றால் கான்சஸில் தண்ணீரோடு நிற்பேன். அக்காவின் கவலையைப் பற்றி நீ யோசிக்காதே, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். தலைக்கவசத்தை மட்டும் இந்த மாதமே புதிதாக வாங்கிவிடு.

அன்புடன்,
மாமா