வெள்ளை மாத்திரையும் பழுப்பு மாத்திரையும்

வள்ளிக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ முழுசாகப் பேசவில்லை. "பத்து நாளா துளித்துளியா பட்டுக்கிட்டே இருக்கும்மா, மாத்திரைய நிறுத்திடப் போறேன்" என்றாய். அதற்குள் மாப்பிள்ளை குரல் கேட்டது. உடனே ஊர்க் கோயில் கொடைக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று பேச்சைத் திருப்பிவிட்டாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. போனில் என்றால் ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டுவிடுவேன், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கருத்தடை மாத்திரை ஆரம்பித்த முதல் மூன்று மாதம் இப்படி இடையிடையே கசிவது நிறையப் பேருக்கு உண்டு. மாத்திரையில் இருக்கிற ஹார்மோன் கருப்பையின் உள்பூச்சை மெல்லிசாகவே வைத்திருக்கும். உடம்பு அதற்குப் பழகும்வரை அந்தப் பூச்சு அங்கங்கே உதிரும். நீ பார்க்கிற பழுப்புக் கறை பெரும்பாலும் அதுதான். கர்ப்பப்பையில் புண் என்று அர்த்தமில்லை. தவறாமல் போட்டிருந்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. அட்டை முடிகிற நேரத்தில் வருகிறதே, அதுவும் வழக்கமான மாதவிலக்கு இல்லை, கடைசி ஏழு பழுப்பு மாத்திரையில் ஹார்மோன் இல்லாததால் வருவது. அது கொஞ்சமாகத்தான் போகிறது, கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடுமோ என்று பயப்படாதே. அப்படித் தங்குகிற ரத்தம் ஒன்று கிடையாது.

இதையெல்லாம் நீ முதல் மாத்திரை போடும் முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சொன்னவள், பெற்ற மகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இது எனக்கு முதல் தடவையும் இல்லை, அதுதான் மனசைக் குடைகிறது.

நீ பிறப்பதற்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் கிராம நர்ஸாக இருந்தேன். பீடி சுற்றுகிற ஒரு பெண்ணுக்கு மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டை கொடுத்தேன். தடுப்பூசி நாள், நல்ல கூட்டம். தினம் ஒன்று போடு, இந்த ஏழு பழுப்பு மாத்திரையும் இரும்புச்சத்து என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மாதம் வீட்டுக்குப் போனபோது திண்ணையில் பீடித்தட்டோடு இருந்தாள். ஈர இலைக்கட்டுக்கு அடியிலிருந்து, துணியில் சுற்றிய அட்டையை எடுத்து நீட்டினாள். இருபத்தெட்டில் பழுப்பு ஏழும் காலி. வெள்ளை இருபத்தொன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறோ ஏழோதான் கிழிந்திருந்தது. "ரத்தம் போவுதுல்லா நர்ஸம்மா, அதான் ரத்தம் ஊறுத மாத்திரைய மொதல்ல தின்னுட்டேன்" என்றாள். அவள் கணக்கில் அது சரிதான். கசிவு வரும் என்று நான் சொல்லவில்லை. வந்ததும் பயந்து வெள்ளையை விட்டாள், விட்டதால் இன்னும் போனது. கொஞ்ச நாளில் நாள் தள்ளிப்போய் வந்து நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. புகையிலைத் தூள் ஒட்டிய விரலால் மிச்ச மாத்திரையோடு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ரத்தம் படும் என்று முதலில் சொல்லாமல் யாருக்கும் அட்டை கொடுத்ததில்லை. 2017-இல் அந்தரா என்கிற கருத்தடை ஊசி வந்தபோதும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. முதலில் தாறுமாறாகப் படும், போகப் போகச் சிலருக்கு அடியோடு நின்றுவிடும். ஊசியை நிறுத்தினால் கர்ப்பம் தரிக்கச் சில மாதம் பிந்தும், அதையும் சொல்லித்தான் போடுவோம். மாத்திரைக்கு அந்தத் தாமதமும் கிடையாது. உன் மாமியார் "விசேஷம் உண்டா" என்று கேட்கும்போதெல்லாம், இதைத் தின்று பிள்ளை தங்காமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் வைத்துப் புழுங்காதே. எப்போது பிள்ளை என்பது நீங்கள் இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட், ஒரு வாரம் பகல். மாத்திரை நேரமும் கூடவே மாறுகிறதா? அதனாலும் கசியும். ஷிப்டோடு மாறாத ஒரு நேரம் பார்த்து போனில் அலாரம் வை. ஒன்று விட்டுப்போனால் ஞாபகம் வந்தவுடன் போடு, அடுத்ததை வழக்கமான நேரத்துக்கே போடு, ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டோ மூன்றோ சேர்ந்து விட்டுப்போயிருந்தால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். அப்படி விட்டிருக்கிறாய் என்றால் மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்துவிடு.

ஆச்சியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பெரும்பாடு, அதாவது அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு, என்று பயந்து வாழைப்பூ ஆயச் சொல்வாள். உனக்கு இருப்பது பெரும்பாடு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைந்து, அடுத்த மணியும் அப்படியே என்றால், அல்லது ஒரு பக்க அடிவயிறு சுருக்கென்று வலித்து மயக்கம் வந்தால், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எனக்குப் போன் பண்ணுவதெல்லாம் அப்புறம். மாப்பிள்ளையோடு கூடிய பிறகு ரத்தம் பட்டாலோ, மூன்று மாதம் தாண்டியும் கசிவு நிற்காவிட்டாலோ டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதே.

கொடைக்கு வருகிறாய் என்று, நாள் தள்ளிப்போடுகிற மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதே. அதுவும் ஹார்மோன்தான், இதோடு சேரக்கூடாது. பழுப்பு ஏழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடர்ந்தாலே தள்ளிப்போகும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்.

தூக்கம் வராததற்குக் காரணம் இந்தக் கசிவு இல்லை, வள்ளி. நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பக்கத் தலைவலி வருமே. வருவதற்கு முன்னால் கண் ஓரத்தில் மின்னல் மாதிரி வளைந்து வளைந்து தெரியுது, எழுத்து பாதி மறையுது என்பாய். ஜன்னலைச் சாத்தி, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்க வைப்பேன். அந்த மாதிரித் தலைவலி உள்ளவர்கள் இரண்டு ஹார்மோன் சேர்ந்த இந்தக் கூட்டு மாத்திரையைப் போடவே கூடாது. ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வருகிற வாய்ப்பு அவர்களுக்குக் கூடும். மாத்திரை எழுதினவரிடம் அதைச் சொன்னாயா? பி.பி. பார்த்தார்களா? மின்னல் இப்போதும் வருகிறது என்றால் மூன்று மாதமெல்லாம் பொறுக்க வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிட்டு, ஆணுறையோடு இருந்து, இந்த வாரமே டாக்டரைப் பார். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி இருக்கிறது, உனக்குப் பொருந்துவதைச் சொல்வார்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போ.

டாக்டரிடம் போகும்போது என்றைக்குப் பட்டது, எவ்வளவு, எந்த மாத்திரை விட்டது என்று காலண்டரில் குறித்துக் கொண்டுபோ. மாப்பிள்ளையையும் கூட்டிப்போ. அவருக்கும் தெரியட்டும்.

மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் போடு. அந்த மின்னல் இப்போதும் வருகிறதா இல்லையா, அதை மட்டும் இதைப் படித்தவுடன் வாட்ஸப்பில் சொல்லிவிடு. முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா