சிமுலேஷன் லேபில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள்

பொறியியல் கல்லூரிகளுக்கு மின்னியல், இயந்திரவியல் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

நானும் நீங்கள் வகுத்த பாடத்தைப் படித்து, நடுவில் ஒரு அரியர் வைத்து, எழுதி முடித்து வெளியே வந்தவன்தான். இப்போது பதினோரு வருடமாக ஒரு சோதனைக் கூடத்தில் வேலை. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பழுது வந்தால் மின்பாதையை வெட்டும் ரிலே என்று யாராவது ஒரு பெட்டியைச் செய்து அனுப்புவார்கள். அதை நிஜ மின்கட்டமைப்பில் மாட்டுவதற்கு முன்னால், அந்தக் கட்டமைப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு கணினியோடு இணைத்து, முடிந்த மட்டும் படுத்தி எடுப்போம். அதோடு வருடாவருடம் புதுப் பட்டதாரிகளை இன்டர்வியூ எடுக்கும் வேலையும் என் தலையில்தான். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

போன முறை வந்த தம்பி கெட்டிக்காரன். டிசி மோட்டார் மாடல் ஒன்றை சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் செய்திருந்தான், வேக வளைவு அழகாக ஏறி சமனாகி நின்றது. "இதில் மோட்டார் எத்தனை செகண்ட் ஓடியிருக்கு?" என்றேன். "ரெண்டு செகண்ட் சார்." "இதைப் போட்டு முடிக்க கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" கொஞ்சம் யோசித்து, "நாலு நிமிஷம் இருக்கும் சார்" என்றான். சரி, இதோடு ஒரு நிஜ கன்ட்ரோலரை ஒயர் போட்டு இணைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கன்ட்ரோலர் காத்திருக்கும் சார்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான்கு வருடப் படிப்பில் ஒரு லேபில்கூட, ஒரு வைவாவில்கூட, யாரும் அவனிடம் கடிகாரத்தைக் காட்டிக் கேள்வி கேட்கவில்லை. நிஜக் கன்ட்ரோலர் யாருக்காகவும் காத்திருக்காது, ஐயா. ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வேகம் என்ன என்று கேட்கும். பதில் வராவிட்டால் பழைய எண்ணையே எடுத்துக்கொண்டு அடுத்த முடிவுக்குப் போய்விடும்.

நிஜக் கடிகாரத்தோடு ஒட்டி ஓடும் சிமுலேஷனைத்தான் ரியல் டைம் என்கிறோம். அதைக் கேட்டதும் மாணவர்கள் "ரொம்ப வேகம்" என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது தவணை தவறாமை. தவணை என்றால், ஒரு முறை கணக்குப் போட்டு முடிக்கக் கொடுத்த நேரம். மின்கட்டமைப்பு சிமுலேஷனில் வழக்கமான தவணை 50 மைக்ரோசெகண்ட். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், அதற்குள் 400 தவணை. ஒவ்வொரு தவணைக்குள்ளும் உள்ளீட்டைப் படித்து, மொத்த நெட்வொர்க்கின் சமன்பாடுகளையும் தீர்த்து, விடையை வெளியே அனுப்பியாக வேண்டும். 399 முறை 10 மைக்ரோசெகண்டில் முடித்துவிட்டு ஒரே ஒரு முறை 70 எடுத்துக்கொண்டாலும் அந்தச் சோதனை கெட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய கணக்கை ஒரே பிராசசர் 50 மைக்ரோசெகண்டில் முடிக்க முடியாது, பல பிராசசர்களுக்குப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது? ஒளியே 50 மைக்ரோசெகண்டில் 15 கிலோமீட்டர்தான் போகும். அதைவிட நீளமான மின்பாதையில், ஒரு முனையில் நடப்பது அடுத்த முனைக்கு அந்தத் தவணைக்குள் தெரியவே தெரியாது. அதனால் கணக்கை அங்கேயே வெட்டி, ஆளுக்கொரு பிராசசரிடம் கொடுத்துவிடலாம், ஒரு துளிகூடப் பிழை வராது. மின்பொறியாளர் ஹெர்மன் டொம்மெல் 1960களிலேயே மின்பாதைக்கு இந்தத் தாமதத்தை வைத்துக் கணக்குப் போடும் முறையை எழுதிவிட்டார், அப்போது இந்த மாதிரி சிமுலேட்டர் எதுவும் கிடையாது. டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தில் அலை போகும் வேகத்தை நாம் மனப்பாடம் செய்தோமே, அது இதற்கெல்லாம் உதவும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அரியரே வந்திருக்காதோ என்று இப்போதும் தோன்றும்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பட்டதையே சொல்கிறேன். பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணித்து வெட்டும் டிஸ்டன்ஸ் ரிலே ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மின்பாதையில் ஷார்ட் சர்க்யூட் கொடுத்தால் ரிலே சில முறை சரியாக வெட்டுகிறது, சில முறை தாமதமாக வெட்டுகிறது. இரண்டு நாள் ரிலேயைத் திட்டினோம். செய்தவர்களுக்குக் கொஞ்சம் காரமாகவே மெயிலும் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை, வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான டெக்னீஷியன் பெண் திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டி, "இந்த நம்பர் ஏன் சார் ஏறிக்கிட்டே இருக்கு?" என்றது. ஓவர்ரன் எண்ணிக்கை, அதாவது எத்தனை முறை தவணை தவறியது என்ற கணக்கு. ஷார்ட் சர்க்யூட் ஆகி, பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர்கள் திறக்கும் அந்தக் கணத்தில்தான் கணக்கு மிகவும் கனக்கிறது, அங்கேதான் எங்கள் மாடல் தவணையைத் தவறவிட்டு, அலையை இழுத்து ரிலேக்குக் கொடுத்திருக்கிறது. ரிலே பாவம், கொடுத்ததைப் பார்த்து முடிவெடுத்தது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் போட்டேன், முதல் மெயிலைவிடச் சின்னது.

இதெல்லாம் லேபுக்குள் நடக்கும் கூத்து என்று விட்டுவிட முடியாது. 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருண்டது நினைவிருக்கும். இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, 60 கோடிக்கு மேல் மக்களின் ஊர்களில் கரன்ட் இல்லை. சரிவைத் தொடங்கி வைத்தது பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டது. அங்கே ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்லை, பாதையில் ஓடிய அதிகச் சுமையை ரிலே பழுது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டது. தெற்கு அன்று தப்பித்ததற்குக் காரணம், நம் கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு டிசி இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது. 2013 டிசம்பர் 31 முதல் எல்லாம் ஒரே கட்டமைப்பு. இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசியில் 6,000 மெகாவாட் வரை வருகிறது. இப்படிப்பட்ட நிலையத்தின் கன்ட்ரோல் பேனல்களைத் தொழிற்சாலையிலேயே ரியல் டைம் சிமுலேட்டரோடு இணைத்துப் பார்த்த பிறகுதான் லாரியில் ஏற்றுவார்கள். அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று, இதை வகுப்பில் சொன்னால் எந்தப் பிள்ளையும் தூங்காது. 1996 ஜூன் 4, ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி 40 விநாடி முடிவதற்குள் திசை மாறி உடைந்து சிதறியது. ராக்கெட் எங்கே, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும் பெட்டியின் மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து அப்படியே வந்தது. ஏரியன் 5-இன் கிடைவேகம் அதிகம். ஒரு எண் 32,767-ஐத் தாண்ட, 16 பிட்டுக்குள் அது அடங்காமல் பெட்டி நின்றுவிட்டது. மாற்றுப் பெட்டி? அதிலும் அதே மென்பொருள், அது இதற்கு முன்னாலேயே அதே காரணத்தால் நின்றிருந்தது. சிமுலேஷன் செய்யாமலா அனுப்பினார்கள்? செய்தார்கள். ஆனால் அந்த மூடிய சுற்றுச் சோதனையில் நிஜப் பெட்டியை வைக்காமல், அதைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்திருந்தார்கள். நடித்தது ஒழுங்காக நடித்தது.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். கோடி ரூபாய் சிமுலேட்டர் வாங்கச் சொல்லவில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இரண்டு போதும். ஒன்று மோட்டாராக நடிக்கட்டும், இன்னொன்று கன்ட்ரோலராக இருக்கட்டும், நடுவில் நாலு ஒயர். ஒவ்வொரு தவணை தொடக்கத்திலும் போர்டின் ஒரு பின்னில் (வெளி முனையில்) வோல்டேஜை ஏற்றி, கணக்கு முடிந்ததும் இறக்கச் சொல்லுங்கள். மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் அந்தப் பின்னைப் பார்த்தாலே தவணையில் எவ்வளவு நேரம் செலவாகிறது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்த்துவிடலாம். இதை எழுத்தில் விளக்க எனக்கு வராது, ஒரு முறை பார்த்த பையன் மறக்க மாட்டான்.

அதோடு சால்வரை, அதாவது சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலை, பிள்ளைகள் கையாலேயே எழுத வேண்டும். சுற்றாமல் பிடித்து நிறுத்திய மோட்டார், 12 வோல்ட், 2 ஓம், 1 மில்லிஹென்றி. கடைசியில் 6 ஆம்பியர் வரவேண்டும் என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. இப்போதைய மதிப்பை வைத்து அடுத்ததைக் கணிக்கும் முன்னோக்கு ஆய்லர் முறையில் 1.5 மில்லிசெகண்ட் தவணை வைத்துப் போட்டுப் பாருங்கள்: 0, 18, −18, 54, −90. மோட்டார் வெடித்துவிட்டது, காகிதத்தில். அதே தவணை, அதே மோட்டார், அடுத்த மதிப்பையே சமன்பாட்டில் வைத்துத் தீர்க்கும் பின்னோக்கு ஆய்லர்: 0, 4.5, 5.625, 5.906... சாதுவாக 6-ஐ நோக்கிப் போகும். எண்ணியல் முறைகள் தாளில் இந்த இரண்டையும் வரையறையாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். இப்படி ஒரு மோட்டாரைக் காட்டி ஒருவரும் கேட்டதில்லை. சிமுலிங்க் பின்னணியில் தவணையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்வதால் இந்த −90 மாணவன் கண்ணுக்கே படுவதில்லை. ரியல் டைமில் அந்தச் சலுகை கிடையாது, தவணை நிலையானது, உங்களுக்குத் தெரியாததில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் ஒரே புளோசார்ட்டை அறுபது பேர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதும் நேரம் இருக்கிறதே, அதில் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டர்னலாக வருகிறவர் கிராஃப் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, "இதற்குக் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் ஆனது" என்றும் கேட்க வேண்டும் என்று வைவா குறிப்பில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. ஆசிரியர்களுக்கும் இது புதிதாக இருக்கலாம், அவர்கள் மேல் இன்னொரு பயிற்சி முகாமைச் சுமத்தி ஆன்லைனில் சான்றிதழ் கொடுத்து முடித்துவிடாதீர்கள். போர்டைக் கையில் கொடுங்கள், அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் நான் வருகிறேன், பணம் வேண்டாம், பஸ் செலவு என்னுடையது. சனிக்கிழமை என்றால் வசதி. போர்டு, ஒயர் எல்லாம் நானே கொண்டு வந்துவிடுவேன். வேலை செய்யும் ஆஸிலோஸ்கோப் ஒன்றை மட்டும் பூட்டிய பீரோவிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், சாவி யாரிடம் என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துவிட்டால் நல்லது.