விருது விண்ணப்பம் அனுப்பமுன் மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகள்,

வரைவை அம்மாவும் நானும் வாசித்தோம். ஜனவரியில் வாஷிங்டனில் போக்குவரத்து ஆய்வுச் சபையின் வருடாந்தக் கூட்டத்தோடு, அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் ஒவ்வொரு பல்கலைக்கழகப் போக்குவரத்து மையத்தின் சிறந்த மாணவரையும் கௌரவிக்கிற விருது இது. ஆய்வின் தரம், பெறுபேறு, தொழில்முறைப் பண்பு, தலைமைத்துவம் எல்லாம் பார்ப்பார்கள். நீ பெரும்பாலும் ஆய்வைத்தான் எழுதியிருக்கிறாய். அதுவும் கலைச்சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது.

"பஸ் இடைவெளி மாறுபாட்டின் மாதிரி" என்று தொடங்காதே. வாசிக்கிறவர்களில் பாலம், தார், சரக்கு என்று வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள். கணக்கையே முன்னுக்கு வை. 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், நேரம் பாராமல் வருகிறவர் சராசரி 10 நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் 5, 35 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி இடைவெளி 20தான். ஆனால் எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் வந்து அகப்படுவார்கள், காத்திருப்பு 15.6 நிமிடமாகிவிடும். சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்: இடைவெளியின் பாதி, பெருக்கல், ஒன்றும் மாறற் குணகத்தின் வர்க்கமும் கூட்டியது. குணகம் என்பது இடைவெளிகளின் நியம விலகலைச் சராசரியால் வகுத்தது, இங்கே 15ஐ 20ஆல் வகுக்க 0.75. ஒரு பஸ்கூடக் கூட்டாமல், ஒழுங்குபடுத்தியே காத்திருப்பைக் குறைக்கலாம் என்பதுதான் உன் ஆய்வின் உயிர். அதை முதல் பந்தியிலேயே சொல்.

தரிப்பு நேரம், அதாவது ஆட்கள் ஏறி இறங்க பஸ் நிற்கிற நேரம், பற்றிய வசனத்தை எடுத்துவிடு. 30 செக்கனுக்கு ஒருதரம் பதிகிற ஜிபிஎஸ்சில் 12 செக்கன் தரிப்பு இரண்டு பதிவுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். கதவு திறந்து மூடுகிற பதிவு உள்ள பஸ்கள் இருந்தால் அவற்றை மட்டும் வைத்து எழுதலாம். அப்போதும் நேர அட்டவணைக்காகச் சாரதி வேண்டுமென்று நிற்கிற தரிப்பிடங்களைக் கழித்துவிடு. இல்லாவிட்டால் ஆட்கள் ஏறத் தாமதிப்பதுபோல் கணக்குக் காட்டும்.

எல்லா இடத்திலும் "நாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கூட்டுக் கட்டுரையில் தரவைச் சுத்தப்படுத்தியது யார், கணித மாதிரியைக் கட்டியது யார்? உன் பங்கு "நான்" என்று வரவேண்டும், மற்றவர்களின் பங்கு அவர்கள் பெயரில். பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது இந்தப் பங்குகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு, மூன்று கிழமை முன்னதாக. கையில் விபரம் இல்லாதவர் "கடின உழைப்பாளி" என்று எழுதி முடித்துவிடுவார், அது ஒருவருக்கும் உதவாது.

கற்பித்தலுக்கு ஒரே வரிதானா? "உதவினேன்" போதாது. இளமாணி மாணவர்களுக்கு நீ தயாரித்த பயிற்சித் தாள் அடுத்த அரையாண்டிலும் பாவனையில் இருந்தால் அதைச் சொல், தாளையும் இணை.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது என்று நீ எழுதியிருப்பது வெறும் தகவல். 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த காலத்தில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் சென்ற படகுப் பாதை (மிதவை) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். கட்டுமானக் காலத்து மாற்று வழியையும் திட்டத்தின் பகுதியாகவே கணிக்க வேண்டும் என்று எழுது, மகள். ஆனால் உன் தரவு நகர பஸ் பற்றியது. ஆகவே அது "அடுத்த ஆய்வு" பகுதியில் இரண்டு வசனமாக மட்டும் இருக்கட்டும்.

திருத்தியதை வியாழனுக்குள் அனுப்பு. ஆங்கிலத்தை அம்மா பார்ப்பா.

அப்பா