நூறு வரை எழுதும் பேரனும் ஐந்து வெற்றிலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எண்ணத் தெரியாதவன் இந்தத் தொழிலில் ஒரு கிழமை தாங்க மாட்டான் என்பதால், கணக்கைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

மூத்த மகளின் பையனுக்கு நான்கு வயது. முன்பள்ளிக்குப் போகிறான். பின்னேரமானால் தாய் பக்கத்தில் இருந்து, அழிறப்பரால் அழித்து அழித்து நூறு வரை எழுதவைக்கிறாள். வாயாலும் ஒப்புவிப்பான். எண்பத்தொன்பதுக்கு அடுத்து மட்டும் 'ஒன்பது பத்து' என்பான். அதில் பிழை அவனுடையதல்ல. அறுபது, எழுபது என்று ஒழுங்காக வந்த தமிழ்தான் தொண்ணூறில் வழி மாறுகிறது.

சென்ற மாதம் திண்ணையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். "மகன், அம்மம்மாவுக்கு ஐந்து வெற்றிலை எடுத்துக் கொடு" என்றேன். கை கொள்ளுமட்டும் அள்ளிக் கொடுத்தான். எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஒன்பது வரை எண்ணினான். "அப்படியென்றால் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிட்டான்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைய மகள்தான் விளக்கினாள். எண்களைப் பாட்டுப்போல் சொல்லப் பழகிய பிறகும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிள்ளைக்குப் பிடிபடச் சில காலம் எடுக்குமாம். 2008இல் அமெரிக்காவில் கீதா ரமணி, ரொபர்ட் சீக்லர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் சொன்னாள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கிழமைக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரமளவில். அவ்வளவிலேயே எண்ணறிவு கூடியது. ஒன்பது கிழமை கழித்துப் பார்த்தபோதும் அது நின்றிருந்தது. அதே விளையாட்டை எண்ணில்லாமல் நிறங்களை வைத்து ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

அன்றே முற்றத்தில் சோக்கால் பத்துக் கட்டம் கீறினேன். ஒரு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தேன்: வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மூன்றாம் கட்டத்தில் இருப்பவனுக்கு இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகரக் கூடாது. "நான்கு, ஐந்து" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகர வேண்டும். இதற்கு நானே இரண்டு நாள் தடுமாறினேன். இப்போது பேரனிடம் ஐந்து கேட்டால் ஐந்துதான் வருகிறது. எட்டுக்கு மேலே போனால் இன்னும் குழம்புகிறான்.

"இதற்கு அமெரிக்காக்காரன் வர வேண்டுமா?" என்றாள் என் மனைவி. அவளுடைய கணக்கு கொக்கான் வெட்டும் கல் விளையாட்டில் வந்தது. நிலத்தில் கிடக்கும் நான்கு கல்லை ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக அள்ளுவது கணக்கல்லாமல் வேறென்ன? நாலு வயதுக் கைக்கு அது முடியாது என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

முன்பள்ளி ஆசிரியைகளை நான் குறை சொல்ல மாட்டேன். கொப்பி நிறையாவிட்டால் பெற்றோரே போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். அப்படிப் போனவர்களில் என் மூத்த மகளும் ஒருத்தி.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் நிறம் தீட்டும் படம் வரும் இடத்தில், மாதம் ஒருமுறையாவது இந்தப் பத்துக் கட்டத்தை அச்சிடுங்கள். நேர்வரிசையாக இருக்கட்டும். பாம்பும் ஏணியும் பலகைபோல் வரி மடங்கித் திரும்பினால் சின்னப் பிள்ளை வழி தவறிவிடும். எண்கள் பெரிதாக இருந்தால் போதும், நல்ல தாள் தேவையில்லை. சவர்க்காரப் பெட்டி மட்டையில் ஒட்டிக்கொள்வோம். புளியங்கொட்டை எங்கள் வீடுகளில் இருக்கிறது.

இப்படிக்கு,
வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர்,
களுதாவளை.