அணைப்பதாக இருந்தால், எங்களிடம் சொல்லிவிட்டு அணையுங்கள்

ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சருக்கும் பாதுகாப்புத் துறை அமைச்சருக்கும் வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்காரன். 15 வருடமாகப் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். பெரும்பாலும் வளைகுடா வழித்தடம். ராத்திரி திருவனந்தபுரத்தில் கிளம்பினால் விடிந்த பிறகு திரும்பி வரும் வேலை. அப்பா கடல் தொழில் செய்தவர். தம்பி இப்போதும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறான். நான் வானத்திலும் அவன் கடலிலும் வழி பார்ப்பது ஒரே ஜிபிஎஸ்ஸை வைத்துத்தான். அதை நிறுத்தும் அதிகாரம் அரசுகளின் கையில் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். 35,000 அடி உயரம், கீழே கடல், வானம் தெளிவு. துணை விமானி முன்னால் இருந்த கடிகாரத்தைக் காட்டி, "சார், டைம் தப்பா இருக்கே" என்றார். பார்த்தால் அது பல மணி நேரம் பின்னால் போயிருந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைபடத்தில் எங்கள் விமானம் பாதையை விட்டுப் பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தது. விமானம் நழுவவில்லை, படம்தான் நழுவியது. சில நிமிடம் கழித்து அந்தக் குரல் வந்தது: "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்." மலை மோதப் போகிறது, மேலே ஏறு என்று அர்த்தம். கடலுக்கு மேலே, 35,000 அடியில், மலை!

ஜிபிஎஸ்ஸைக் கணினியிலிருந்து துண்டித்தோம். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டுத் திசை கேட்டு வாங்கினோம். விமானத்தின் அசைவை அளந்தே இடத்தைக் கணக்கிடும் ஐஆர்எஸ் என்ற கருவி எங்களிடம் உண்டு. அதையும் தரையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையையும் வைத்து ஓட்டினோம். சுமார் 40 நிமிடத்தில் எல்லாம் சரியானது. பின்னால் பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அதே குரல் ஜூன் மாத மழையில், திருவனந்தபுரத்தில் இறங்கும்போது வந்தால்? தென்கிழக்கிலிருந்து இறங்கினால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. அகத்தியமலை மட்டுமே 1,868 மீட்டர். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு அது பொய்க் குரல் என்று எப்படித் தெரியும்? "யோசிக்காதே, ஏறு" என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. பொய் எச்சரிக்கையையே திரும்பத் திரும்பக் கேட்டவன், ஒருநாள் உண்மையான எச்சரிக்கை வரும்போது ஒரு வினாடி தயங்குவான். அந்த ஒரு வினாடியை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

அன்றைக்குப் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞையை அனுப்பி எங்களைக் குழப்பியது எந்த நாட்டுப் படை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எதிரியின் ட்ரோனைத் திசை திருப்பச் செய்திருப்பார்கள். அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சமிக்ஞை தரையைத் தொடும்போது மிகவும் மெலிந்துவிடும். அதை வேறொரு பலமான சமிக்ஞையால் அமுக்க நினைத்தால் ட்ரோனுக்கு மட்டும் என்று அமுக்க முடியாது. அந்தப் பக்கமாகப் போகும் பயணிகள் விமானத்துக்கும், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கும், படகுக்கும் சேர்த்துத்தான் அமுங்கும்.

ஜிபிஎஸ் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1983 செப்டம்பர் 1-ம் தேதி வழி தவறிய கொரிய விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்தின் சாதாரண மக்களும் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. கொடுத்தார்கள், ஆனால் பிழையைக் கலந்து கொடுத்தார்கள். பொதுமக்களுக்கான சமிக்ஞை 100 மீட்டர் வரை தவறும்படி வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். ஓடுதளத்தின் அகலம் பெரும்பாலும் 45 மீட்டர்தான். 2000 மே மாதத்தில் அதிபர் கிளின்டன் அந்தப் பிழையை எடுத்தார்.

அப்பா கையடக்க ஜிபிஎஸ் வாங்கியது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. அதுவரை வேளிமலையின் ஒரு முகட்டையும் ஊர்க் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் கொண்டுவருவார். வேறு இரண்டு அடையாளங்களை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை. கரை மறைந்துவிட்டால் நட்சத்திரம், காற்று, நீரோட்டம். கருவி வந்த பிறகு மீன் கிடைக்கும் பார்களின், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளின், ஜிபிஎஸ் எண்களையெல்லாம் 40 பக்க நோட்டு ஒன்றில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். "மக்ளே, கரையைப் பாக்காம நேரா பாருல போயி நிக்குது" என்று அதிசயப்பட்டார். தம்பிக்கு அந்த நோட்டில் உள்ள எண்கள் தெரியும். மலையும் கோபுரமும் தெரியாது. இப்போது வரும் இளம் விமானிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. நாம்தானே அப்படிப் பழக்கினோம்.

2004 டிசம்பரில் அமெரிக்காவில் அதிபர் புஷ் ஒரு கொள்கையை வெளியிட்டார். நெருக்கடி வந்தால் எதிரிக்கு இந்தச் சேவை கிடைக்காமல் செய்யும் திறனை வளர்க்க வேண்டும், அதே நேரம் போர் நடக்கும் பகுதிக்கு வெளியே பொதுப் பயன்பாடு தேவையில்லாமல் பாதிக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். ஆக, சுவிட்ச் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இடம் காட்டும் நம் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கைக் கட்டினோம். அதில் எங்கள் மாவட்டத்துக்குத் தனிப் பெருமை உண்டு. இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் எங்கள் மண்ணைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெருமையோடுதான் இதையும் சொல்கிறேன்: 2013 முதல் ஏவிய 11 செயற்கைக்கோள்களில் 2 சேர வேண்டிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை, சிலவற்றில் அணுக் கடிகாரம் நின்றுபோனது. இடம் காட்டும் சேவைக்கு மிஞ்சியது 4 என்று 2025-ல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது 4 செயற்கைக்கோள் வேண்டும். அதில் ஒன்று போனாலும் கதை முடிந்தது. நம்முடைய ககன் இருக்கிறதே என்று கேட்கலாம். ககன் ஜிபிஎஸ்ஸைத் திருத்திக் கொடுப்பது. ஜிபிஎஸ் இல்லையென்றால் ககனுக்குத் திருத்த ஒன்றும் இருக்காது.

ஜிபிஎஸ்ஸின் சுவிட்ச் உங்களிடம் இல்லை. ஆனால் நம் வானத்தில் அதை அமுக்கும் கருவிகள் நம் படைகளிடம் உண்டு. நாவிக் முழுக்க உங்களுடையது. ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நாட்டைக் காக்க அணைக்க வேண்டிய நாள் வரலாம். அன்றைக்கு அணையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஜிபிஎஸ் இல்லாமல் என்னால் ஓட்ட முடியும். கிளம்பும் முன்பே தெரிந்தால் கூடுதல் எரிபொருள் போடுவேன், வேறு பாதை கேட்பேன், ஓடுதளத்தில் இறங்க ரேடியோவால் வழிகாட்டும் ஐஎல்எஸ் எந்த நிலையத்தில் வேலை செய்கிறது என்று பார்த்து வைப்பேன். சொல்லாமல் அணைப்பதைத்தான் தாங்க முடியாது. 2025 மே மாதத்தில் வடக்கிலும் மேற்கிலுமாக 32 விமான நிலையங்களை மூடினீர்கள். முறையாக நோட்டாம், அதாவது விமானிகளுக்கான அறிவிப்பு, வந்தது. நாங்கள் அதன்படி திட்டத்தை மாற்றிக்கொண்டோம். அவ்வளவு பெரிய விஷயத்தை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த அரசால் இதையும் செய்ய முடியும்.

இன்டர்நெட்டை நிறுத்துவதற்கு இந்த நாட்டில் விதி இருக்கிறது. 2024-ல் வந்த விதிகளின்படி ஆணையைக் காரணத்தோடு வெளியிட வேண்டும், ஒரு ஆணை 15 நாளுக்கு மேல் செல்லாது, மறுஆய்வுக் குழு 5 நாளுக்குள் பார்க்க வேண்டும். ஒரு ஊரில் வாட்ஸ்அப் நிற்பதற்கே இவ்வளவு இருக்கும்போது, 180 பேரோடு இறங்கும் விமானத்தின் வழிகாட்டி நிற்பதற்கும் அப்படி ஒன்று வேண்டாமா? யார் உத்தரவிடலாம், எவ்வளவு பரப்புக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, கட்டுப்பாட்டு அறைக்கு எப்போது தகவல் போக வேண்டும் என்பதை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ராணுவ ரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. "இந்தப் பகுதியில், இந்த நேரத்தில் நம்ப வேண்டாம்" என்ற ஒரு வரி போதும். திடீரென்று செய்ய வேண்டி வந்தால், செய்த அதே நிமிடம் கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் சொல்லட்டும்.

அப்புறம், தரையில் இருக்கும் பழைய கருவிகள். திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்இ, இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் மூன்றையும் செலவு என்று பார்க்காதீர்கள். அமெரிக்கா விஓஆர் நிலையங்களைக் குறைத்தபோதும், ஜிபிஎஸ் போனால் 100 கடல் மைலுக்குள் ஒரு விமான நிலையத்தில் இறங்க முடிகிற அளவுக்கு மிச்சம் வைத்தது. எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஜிபிஎஸ் குறுக்கீட்டால் ஃபின்னேர் அங்கே ஒரு மாதம் பறக்கவே இல்லை. நம் நாட்டிலும் இது தூரத்துக் கதை அல்ல. 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், அதுவும் அமிர்தசரஸ், ஜம்முப் பக்கம், 465 குறுக்கீடுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 2025 நவம்பரில் டெல்லிக்கே வந்துவிட்டது.

கடலையும் மறந்துவிட வேண்டாம். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். படகில் ஜிபிஎஸ் இருந்தது. தாங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்ற சேதிதான் போய்ச் சேரவில்லை. எங்கள் கரையில் அதற்காக இன்னும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் அணைக்கும்போது சேதியும் இல்லை, இடமும் தெரியவில்லை என்ற நிலை வரக் கூடாது. தேடிப் போகும் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டருக்கும் அதே ஜிபிஎஸ்தான். ஆகவே விமானிக்கு நோட்டாம் போகும்போதே மீனவருக்கும் தமிழில் சொல்லுங்கள். நாகர்கோவில் வானொலியில் சொல்லுங்கள், கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விஎச்எஃப் ரேடியோவில் சொல்லுங்கள், அது எட்டாத ஆழ்கடலில் இருப்பவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லுங்கள்.

இதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது என்றால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், தேடிப் படித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எப்போது வரும் என்று சொல்லுங்கள். இந்த மாதம் எனக்கு 11 ராத்திரி வேலை இருக்கிறது. தம்பி செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான்; திரும்பி வர 20 நாளுக்கு மேல் ஆகும். பதில் அதற்கு முன்னால் வந்தால் அவனிடமும் சொல்லி அனுப்புவேன்.

இப்படிக்கு,
முட்டத்திலிருந்து ஒரு விமானி